ஆத்மப் பிரதட்சிணம் செய்த வண்டி

விரித்திருந்த ஜமக்காளத்தை ஓரமாக இழுத்துவிட்டு, வெறும் சிமென்ட் தரையில் வண்டியை வைத்தாள் கௌசல்யா. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. சுவிட்சைத் தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூட ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. அடியில் மூன்று சக்கரம், மேலே பேட்டரியும் வயர்களும், முன்னால் வட்ட வட்டமாக இரண்டு கண். நேராக ஓடும். எதிரே ஏதாவது தென்பட்டால் இடிக்காமல் நின்று, திரும்பி, வேறு வழி பார்த்துப் போகும். எங்கள் பிள்ளைகளே பூட்டியது, அவர்களே கணினியில் நிரல் எழுதி அதற்குப் புத்தி கொடுத்தது.

அன்றைக்கு அது ஓடவில்லை. நின்ற இடத்திலேயே வலது பக்கம் திரும்பியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடியும் வலது பக்கம் திரும்பியது. எதிரே ஒன்றும் கிடையாது, வெறும் தரை. ஆனாலும் விடாமல் திரும்பிக்கொண்டே இருந்தது. காமாட்சியம்மன் சன்னதிக்கு முன்னால் நின்று, இருந்த இடத்திலேயே சுற்றி ஆத்மப் பிரதட்சிணம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சு அசல் அப்படியே இருந்தது.

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஹாலே சிரித்தது. கதவோரம் காக்கிச் சட்டையோடு நின்றிருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முருகேசன், கௌசல்யாவின் அப்பா. வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் மகளை ஒரு கல்லூரியின் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்று சொல்வதாக இருந்தார்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

இந்த வாரம் இதை எழுதுவதற்கு அப்பாவிடமும் மகளிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கியிருக்கிறேன். ஏன் தனித்தனியாக என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு பாடம் முன்னால்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். பிள்ளைகளுக்கு எஸ்தர் மிஸ். எங்கள் தலைமையாசிரியைக்கு, வயர் உள்ள எந்தப் பொருளும் என் பொறுப்பு. மைக் செட், மணி, இன்வெர்ட்டர், அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மிக்சி வரைக்கும்.

எனவே, ஒரு நல்ல மனசுக்காரர் எங்கள் பள்ளிக்குப் பெட்டி பெட்டியாக ரோபோ சாமான்களை வாங்கிக் கொடுத்தபோது, "எஸ்தர், ரோபோட்டிக்ஸும் இனிமே நீங்கதான்" என்று தலைமையாசிரியை சொன்னதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"நான் எங்க மேடம் ரோபோட்டிக்ஸ் படிச்சேன்?"

"கம்ப்யூட்டர் படிச்சீங்க இல்ல? எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றா! நான் படித்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் என்னை டைப்ரைட்டிங்கில் சேர்த்தார்கள். கீழே பட்டுக்கடை, மேலே மாடியில் இன்ஸ்டிடியூட். கீழே கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களுக்குக் கொடுக்கும் ரோஸ் மில்க் வாசனை மேலே வரும். நாங்கள் வெறும் வயிற்றோடு ஏ எஸ் டி எஃப் தட்டிக்கொண்டிருப்போம். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும், ராஜ வீதியில் புதிதாகத் திறந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கு நிகரான மரியாதை. அங்கே நான் மாய்ந்து மாய்ந்து கற்ற கம்ப்யூட்டர் மொழிகளில் பாதியை இன்று சீந்துவார் இல்லை.

அப்படிப்பட்ட நான், சமையலறையில் சம்படத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே வீடியோ பார்த்து ரோபோ கற்றேன். பிள்ளைகளைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும் என்பது என் திட்டம். கௌசல்யா அந்தத் திட்டத்தைச் சீக்கிரமே கெடுத்தாள். அதிகம் பேச மாட்டாள். நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தால், "அப்படி இல்ல மிஸ்" என்று சொல்லாமல், "இப்படிப் பண்ணி பாக்கலாமா மிஸ்?" என்று கேட்பாள். அந்த நாசூக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

அவளுக்கு வாய் கிடையாது என்பதற்காகவே கடவுள் நஸ்ரினை அவள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். வண்டி செய்வது அவள், விளக்கம் சொல்வது இவள் என்று இருவரும் பிரித்துக்கொண்டார்கள்.

ஐயம்பேட்டை, ஐயம்பேட்டை!

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், பள்ளி மாணவிகளுக்காகச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். ரோபோ, செயற்கை நுண்ணறிவு எல்லாம் நிஜமான ஆய்வுக்கூடத்தில் கற்றுத் தருவார்கள். செலவு இல்லை. எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போகலாம். பெற்றோர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

நஸ்ரினின் அம்மா அன்றைக்கே வந்துவிட்டார். "கூட்டிக்கினு போங்க மிஸ். சனிக்கெழமையாச்சும் இவ பேச்ச அந்தக் காலேஜ்காரங்க கேக்கட்டும், எங்க காதுக்குக் கொஞ்சம் லீவு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கௌசல்யா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா டைப்புக்கு சேத்துட்டுச்சு மிஸ். சனிக்கெழம பேட்ச்சு."

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். முருகேசனுக்கு ஷேர் ஆட்டோ. "ஐயம்பேட்டை, ஐயம்பேட்டை!" என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், இந்தப் பக்கம்? பாப்பா எதுனா தப்பு பண்ணிடுச்சா?"

"இல்ல. உங்ககிட்டப் பேசணும்."

"ஏறிக் குந்துங்க. பேசிக்கினே போலாம்."

எனக்கு ஐயம்பேட்டையில் ஒரு வேலையும் கிடையாது. ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பூக்கூடையோடு ஒரு அம்மா, எதிரே காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண். நான் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி எடுத்துச் சொன்னேன். பூக்கார அம்மாவும் காது கொடுத்துக் கேட்டார்.

"பாப்பா டைப்புக்குப் போவுது டீச்சர்" என்றார் முருகேசன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "லோயர் முடிச்சி, ஹையர் முடிச்சி, பரீட்ச எழுதுனா கவர்மென்ட் ஆபீஸ்ல குந்திக்கும். ஃபேனுக்குக் கீழ வேல. நீங்க சொல்றதப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அந்தக் கல்லூரிப் பெண்ணைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "நீ இன்னாமா படிக்கிற?"

"ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்ணா."

"முடிச்சா வேல நிச்சயமா?"

"தெரிலணா. நாங்க முடிக்கறதுக்குள்ள எல்லாம் மாறிடும்னு சீனியருங்க சொல்றாங்க."

எனக்கு அந்தப் பெண்ணை அங்கேயே இறக்கிவிட வேண்டும் போல இருந்தது.

"கேட்டுக்கினீங்களா டீச்சர்?" என்றார் முருகேசன். குரலில் நக்கல் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நானும் புதுசத்தான் படிச்சேன். டிவி, டெக்கு மெக்கானிசம். ஊர்ல அப்போ வூட்டுக்கு வூடு கேசட்டு போட்டுப் படம் பாத்துக்கினு இருந்தாங்க. இந்த வேலைக்கு அழிவே கெடையாதுன்னு வாத்தியாரு சொன்னாரு. கட போட்டேன். ரெண்டு பசங்களுக்கு வேல சொல்லிக் குடுத்தேன். அப்பால சிடி வந்துச்சு. டிவி தட்டையாப் பூடுச்சு. நான் ஆட்டோக்கு வந்துட்டேன். மெஷினு மேல எனக்குக் கோவம் இல்ல டீச்சர். பாப்பாவும் அப்பிடி நடுவுல நிக்கக்கூடாது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படித்த என் மொழிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அவ என்ன வேலைக்குப் போவான்னு எனக்குத் தெரியாது முருகேசன். அவ படிச்சு முடிக்கும்போது இருக்கப்போற வேலைக்கு இன்னும் பேரே வெக்கல."

"பேரு இல்லாத வேலைக்குப் பொண்ண அனுப்பச் சொல்றீங்க."

"இன்னா நைனா நீ" என்றார் பூக்கார அம்மா. "கொழந்தையே பேரு இல்லாமத்தான் பொறக்குது. அப்பாலதான வெக்கறோம்?"

ஆட்டோவே சிரித்தது. முருகேசனும் லேசாகச் சிரித்தார். ஏனாத்தூர் திருப்பம் வந்தது. தினமும் பல தடவை தாண்டிப் போகிற இடம். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"எதோ பொம்ம வண்டி பண்றாளாமே. ஆயுத பூஜ லீவு முடிஞ்சி ஸ்கூல்ல ஓட்டிக் காட்டப்போறாங்கன்னு சொன்னா. வந்து பாக்கறேன். அப்பால பேசிக்கலாம்."

திரும்பி வரும்போது என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

பொட்டும் நானும்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் அந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் பொரி கடலைக்கு எந்த வருஷமும் குறைவு இருந்ததில்லை. இந்த ஊரில் அன்றைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளாத பொருளைப் பார்ப்பது கடினம். தறி, தராசு, தையல் மிஷின், அரிவாள்மனை, வண்டி வாகனம் எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக்கொண்டு நிற்கும்.

பள்ளியிலும் அப்படித்தான். லீவு விடுவதற்கு முதல் நாள் தலைமையாசிரியை கம்ப்யூட்டர் லேபுக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வருவார். "திரையில வேணாம் மேடம், பின்னாடி வைங்க" என்று நான் கெஞ்சுவேன். "முகத்துல வெக்காம முதுகுலயா வெப்பாங்க?" என்பார். பிறகு ஒரு வாரம் நான் திரைகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பூஜை முடிந்து லேபைப் பூட்டிவிட்டார்கள். லீவில் இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு, வண்டியை ஒரு செருப்பு டப்பாவில் வைத்துக் கௌசல்யா வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாள்தான் விழா. காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் தலைமை விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். தமிழ்நாட்டில் எந்தத் தலைமை விருந்தினரும் செய்யாத காரியம். எங்கள் தலைமையாசிரியை பதறிப்போய் உடனே இறைவணக்கத்தைப் பாடச் சொல்லிவிட்டார். டப்பாவைத் திறந்ததே மேடைக்கு எதிரில்தான்.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். வண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

தூசி

நஸ்ரின் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது... இது இப்போ வார்ம் அப் பண்ணிக்கினு இருக்குது" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது.

எழுந்து ஓடலாம் என்று நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். போய் என்ன செய்வேன்? எனக்கே ஒன்றும் புரியவில்லை. கௌசல்யாவைப் பார்த்தேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. வண்டியை நிறுத்தினாள். தரையில் மண்டியிட்டு, வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். பிறகு வண்டியை முகத்துக்கு நேரே தூக்கி, அந்த இரண்டு கண்களையும் பார்த்தாள். அந்தக் கண்களின் முகப்பில் சல்லடை மாதிரி மெல்லிய வலை இருக்கும். அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

அப்புறம் நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தாள். ஒரு கணம்தான். முகத்தில் என்னவோ வந்து போனது. அழுகை என்றும் சொல்ல முடியாது, சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் தலைமை விருந்தினர்.

நஸ்ரினிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். எங்கள் பள்ளியில் கௌசல்யாவை மைக்கில் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"கண்ணுல தூசி சார். இதுல ஒரு கண்ணு, நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்த அனுப்பும். எதிர்ல எதுனா இருந்தா அதுல பட்டுத் திரும்பி வரும். அத இன்னொரு கண்ணு கேட்டுக்கும். இப்ப வாசல்லயே அடச்சிக்கினு இருக்குது. அதனால, மூஞ்சிக்கு நேரா எதோ நிக்குதுன்னு நெனச்சிக்கினு திரும்பித் திரும்பிப் போவுது. வண்டி மேல தப்பு இல்ல சார். அது சொன்னதத்தான் செய்யுது."

ஹாலில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. சடையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். வலையில் அடைத்திருந்ததை மெதுவாக, மிக மெதுவாகச் சுரண்டி எடுத்து, தாவணி முனையில் துடைத்தாள். காதில் அழுக்கெடுக்கும் அம்மா குழந்தையைப் பிடித்துக்கொள்வதைப் போலப் பிடித்திருந்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன கற்றுத் தந்தேன் என்று பல நாள் குழம்பியிருக்கிறேன். ஊரே சிரிக்கும்போது உட்கார்ந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று தேடுகிறாளே, இது போதும் என்று தோன்றியது.

வண்டியைக் கீழே விட்டாள். சுவிட்சைத் தட்டினாள். அது நேராக ஓடியது. தலைமை விருந்தினர் தம் ஷூவை அவசரமாக மேலே தூக்கிக்கொண்டார். தூக்கியிருக்கவே வேண்டாம். அது நாற்காலிக் காலுக்கு முன்னால் நின்று, திரும்பி, நடுப் பாதையைப் பிடித்துப் பின் வரிசைப் பக்கம் போனது. கைதட்டலில் நஸ்ரின் என்ன விளக்கம் சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

நான் கதவைப் பார்த்தேன். முருகேசன் அங்கே இல்லை.

இரண்டு பக்கமும் வாக்கு

விழா முடிந்ததும் கௌசல்யா என்னிடம் வந்தாள். தாவணி முனையை விரித்துக் காட்டினாள். மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. சந்தன வாசனை வந்தது.

"தூசின்னு சொன்னியே?"

"மிஸ், இது அப்பா வெச்ச பொட்டு. நானும் அம்மாவும் இல்லாதப்போ வெச்சிட்டு, தொடச்சும் வெச்சிருக்குது. பூஜைக்கு அப்பால நான் ஓட்டிப் பாக்கல. அப்பா கிட்ட நீங்க எதுவும் சொல்லிடாதீங்க மிஸ். அது வெச்ச பொட்டாலதான் வண்டி ஓடலன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

அவளுக்கு அன்றைக்குக் கிடைக்க வேண்டிய சம்மதம் கிடைக்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் ஹாலை விட்டே போய்விட்டார். அப்போதும் அவள் கவலை அப்பாவின் மனசைப் பற்றித்தான் இருந்தது. சரி என்று சொல்லி அவள் தலையைத் தொட்டேன்.

வெளியே வந்தால், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆட்டோ நின்றிருந்தது. பூஜை மாலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. முன் விளக்கின் மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். முருகேசன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தப்பு எம்மேலதான் டீச்சர்."

நான் ஒன்றும் தெரியாதவளாக நின்றேன்.

"பூஜ அன்னிக்கி அவளும் அவங்கம்மாவும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாங்க. நான் வண்டியக் கழுவி மால போட்டுக்கினு இருந்தேன். உள்ள போனா டப்பாவுல அது இருந்துச்சு. எடுத்தாந்து ஆட்டோ பக்கத்துல வெச்சேன். ரெண்டு கண்ணுலயும் பொட்டு வெச்சேன். சக்கரத்துக்குக் கீழ வெக்க எலுமிச்சம்பழம் பெருசு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுண்டக்கா வெச்சி நசுக்குனேன்."

சுண்டைக்காய்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அவங்க வர்றதுக்குள்ள ஈரத்துணியால தொடச்சி உள்ள வெச்சிட்டேன். அந்தக் காலத்துல டெக்குல கேசட்டப் படிக்கற ஹெட்ட வெரலால தொட மாட்டேன் டீச்சர். எனக்கு ஏன் அன்னிக்கி புத்தி போவலன்னு தெரில. பாப்பாவுக்குச் சொல்லிடாதீங்க."

ஆக, இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டேன். போன வாரம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்க மிஸ், அப்பாவுக்கு அப்பவே தெரியும்" என்றாள் மகள். "எழுதுங்க டீச்சர், பாப்பாவுக்கு அப்பவே தெரியும்" என்றார் அப்பா. இத்தனை நாளும் நடுவில் நான் ஒருத்திதான் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது. ஆட்டோவில் அவர் சொன்னது மனதில் தைத்துக்கொண்டிருந்தது. விடவில்லை நான்.

"பொம்ம வண்டின்னு சொன்னீங்களே முருகேசன். பொம்மைக்கு எதுக்குப் பொட்டு?"

அவர் முன் விளக்கில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொம்மைக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா டீச்சர்? சோறு போடறதுக்குத்தான வெப்போம்."

கண் கலங்கியதை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து, ஆட்டோவைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

"டைப்ப சாயங்கால பேட்ச்சுக்கு மாத்திக்கறேன். ஏனாத்தூர்ல சனிக்கெழம காத்தால எத்தினி மணிக்கு டீச்சர் வுடணும்?"